வட்டம் போட்டால் தண்ணீர் கேட்குமா?

தென்சென்னையில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டதிலிருந்து எங்கள் பகுதியில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சிக்கு அது பெருங்கொடுமை. எப்போதோ வாங்கிய மனையில் மகனுக்காக ஒரு மாடி எழுப்பக்கூட வழியில்லை என்கிறார்கள். இன்னொரு கட்சிக்கு அதுவே பெருவெற்றி. சதுப்புநிலம் பிழைத்துவிட்டது என்று கொண்டாடுகிறார்கள். முதல் கட்சியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இரண்டாம் கட்சியின் கொண்டாட்டம்தான் புரியவில்லை.

தீர்ப்பாயத்தின் மீது எனக்குக் குறையில்லை. அது இடைக்கால ஏற்பாடு. முறையான ஆய்வும் மேலாண்மைத் திட்டமும் வரும்வரை போட்ட தடை. அப்படி ஒரு தடை தேவைப்பட்டதே ஏன் என்பதுதான் கேள்வி. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது பள்ளிக்கரணையின் பரப்பு 1,247 ஹெக்டேர் என்று அறிவித்தோம். அதில் ஏறத்தாழ 700 ஹெக்டேர் வனத்துறையிடம் உள்ள காப்புக்காடு. மீதி நிலம் எந்தெந்தப் புல எண்களில் இருக்கிறது என்பது மூன்று ஆண்டுகள் கழித்தும் முடிவாகியிருக்கவில்லை. உலகத்துக்கு அறிவித்துவிட்டோம், தாலுகா அலுவலகத்துக்குச் சொல்ல மறந்துவிட்டோம். எல்லை தெரியாத இடத்தில் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கிடைப்பதும், பிறகு வழக்கு வருவதும், நீதிமன்றம் அவசரத்துக்கு ஒரு கோடு கிழிப்பதும் இப்படித்தான் நடக்கும்.

என் பயம், அந்த அவசரக் கோடே நாளை நிரந்தரத் திட்டமாகிவிடுமோ என்பது. அளப்பதற்கு எளிது, வரைபடத்தில் அழகாக இருக்கும், அதிகாரிகளுக்கும் வசதி. ஆனால் அந்த நிலத்தைச் சதுப்பாக வைத்திருப்பது தண்ணீர். அது வரும் வழியைப் பாருங்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் எல்லாம் இந்தத் தாழ்நிலத்தில் வந்து பரவுகின்றன. வெளியேற உருப்படியான வழி ஒன்றுதான்: ஒக்கியம் மடுவு என்ற நீரோடை. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு தெற்கே முட்டுக்காட்டில் கடல்.

இதன்மேல் ஒரு கிலோமீட்டர் கோட்டை வைத்துப் பாருங்கள். பழைய தெரு ஒன்றில், நாற்புறமும் வீடுகளுக்கு நடுவே, இருக்கும் வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பினால் சதுப்புக்கு வரும் நீர் ஒரு சொட்டுகூட அதிகமாகாது, குறையாது. அதற்குத் தடை. நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஏரியின் கலங்கலுக்கு (உபரிநீர் வழியும் இடத்துக்கு) கீழே உள்ள போக்குக் கால்வாயை மண் கொட்டிக் குறுக்கினால் இங்கே வரும் நீரே திசை மாறும். அதற்கு இந்தத் தடை பொருந்தாது.

இத்தனைக்கும் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஈரநிலத்தின் கட்டமைப்பையும் அது தரும் சூழல் சேவைகளையும் கெடுக்கக்கூடிய பணிகள் நீர்ப்பிடிப்பின் எந்தப் பகுதியில் நடக்குமோ, அதுவே அதன் தாக்க மண்டலம் என்கின்றன. நீர்ப்பிடிப்பைத்தான் பார்க்கச் சொல்கின்றன, சுற்றளவை அல்ல. ஆனால் அதே விதிகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகள் ஈரநிலம் என்ற வரையறைக்குள் வராது. மேலே சொன்ன ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவைதானே? அவற்றின் ஆயக்கட்டு வயல்கள் எப்போதோ மனைகளாகிவிட்டன. பாய்ச்ச வயலே இல்லாத ஏரி, பாசன ஏரி என்ற பெயரால் விதிக்கு வெளியே நிற்கிறது. சதுப்பு வனத்துறைக்கு, ஏரி நீர்வளத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ, மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. தண்ணீர் மட்டும் எந்தத் துறையிலும் சேராமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, யாரும் பேச விரும்பாத விஷயம்: நீர்மட்டம்.

பள்ளிக்கரணை வெள்ளத்தை உறிஞ்சும் பஞ்சு என்று எல்லோரும் எழுதுகிறோம். சரி, ஏற்கெனவே நனைந்து ஊறிய பஞ்சு எவ்வளவு உறிஞ்சும்? வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது சதுப்பு பாதி வெறுமையாக இருந்தால்தான் அது வெள்ளத்தைத் தாங்கும். இயல்பில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கோடையில் வற்றி, ஓரங்களில் சேறாகி, ஐப்பசியில் நிரம்பும் நிலம் அது. இன்று ஆண்டு முழுதும் கழிவுநீர் வந்து சேர்கிறது. அதனால் பல இடங்கள் வற்றுவதே இல்லை. சத்து மிகுந்த நீர் நிலையாக நின்றால் சம்புக் கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ளும். திறந்த நீரும் சேற்றுத் திட்டும் சுருங்கும்.

பறவைகளுக்கு இது என்ன செய்யும்? உள்ளான் வகைகளுக்குக் கால் நனையும் அளவு நீரும் அலகு இறங்கும் சேறும் வேண்டும். பூநாரைக்கு ஆழமற்ற திறந்த நீர் வேண்டும். நீலத் தாழைக்கோழிக்கு அடர்ந்த கோரையே வீடு. இலைக்கோழிக்கு மிதக்கும் இலைகள் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் அமைவதற்குக் காரணம், நீர் ஏறி இறங்குவதுதான். வெள்ளத் தடுப்புக்கும் அதே ஏற்ற இறக்கம்தான் தேவை. பல்லுயிர் வேண்டுமா, வெள்ளப் பாதுகாப்பு வேண்டுமா என்ற பட்டிமன்றம் இந்த ஒரு விஷயத்திலாவது தேவையற்றது.

ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழும் குரல், 'ஆழப்படுத்துங்கள்' என்பது. 2015இல் எழுந்தது, 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் எழுந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றவர்களின் கோபம் நியாயமானது. இருந்தாலும், கழுவெளியை, அதாவது இந்த ஆழமற்ற சதுப்பை, தோண்டி ஏரியாக்கினால் கரையோரச் சேறு போய்விடும், பள்ளத்தில் எப்போதும் நீர் நிற்கும், அந்த நீர் இருக்கும் இடத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை. பிறகு படகு விடுவார்கள். நடைபாதை, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. பணம் செலவானது கண்ணுக்குத் தெரியும் அல்லவா!

கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 12,500 ஹெக்டேர், 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நகரத்தின் கழிவுநீர் ஆழமற்ற குளங்களில் வெயில்பட்டுத் தெளிந்து மீனுக்கு உணவாகிறது. அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். அங்கும் ஆக்கிரமிப்பு உண்டு, கொண்டாடிவிட முடியாது. ஆனால் அங்கே ஒரு குளத்தை மூடினால் மறுநாள் காலை அதனால் பிழைப்பு இழந்து சத்தம் போட ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கரணையில் மாடு மேய்த்தவர்களும் மீன் பிடித்தவர்களும் அநேகமாகப் போய்விட்டார்கள். நிலத்தோடு அன்றாடத் தொடர்பு உள்ளவர்கள் இப்போது பறவை பார்ப்பவர்கள் மட்டுமே. நாங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருகிறோம்.

மேலாண்மைத் திட்டத்தின் வரைவு என் கைக்கு வந்தால் பறவைப் பட்டியலைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இறுதியில் சதுப்பின் நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓர் எண் அதில் இருக்கிறதா? அந்த மட்டத்துக்கு நீரை இறக்க ஒக்கியம் மடுவில் வழி விடும் பொறுப்பு எந்தத் துறைக்கு? கழிவுநீர் வரும் வாய்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டுக்குள் அடைபடும்? மேலே உள்ள ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் புல எண்ணோடு வரைபடத்தில் இருக்கின்றனவா? மாடி கட்ட முடியாத கட்சியும் வெற்றி கொண்டாடும் கட்சியும் தங்கள் மனுக்களில் இந்த நான்கையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.