‘வெள்ளை வகை’ பட்டறையை எங்கும் நடத்தலாமா?

“வெள்ளை வகைத் தொழிலுக்கு வாரிய அனுமதி தேவையில்லை, வீடுகளுக்கு நடுவிலும் நடத்தலாம், அக்கம்பக்கத்தார் கேட்க முடியாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது.

முதல் பாதி பெருமளவு சரி, மீதி தவறு. தொழில்களை அவற்றின் மாசு அளவைப் பொறுத்து நிறங்களால் வகைப்படுத்தும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகக் குறைவாக மாசுபடுத்துபவற்றுக்காக 2016-இல் வெள்ளை வகையைக் கொண்டுவந்தது. சாக்பீஸ் தயாரிப்பு, சைக்கிள் பாகங்களைப் பொருத்துதல், பழைய பேப்பரை அழுத்திக் கட்டுதல் போன்றவை அதில் வரும். நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின்படி வாங்க வேண்டிய வாரிய இசைவிலிருந்து (அனுமதியிலிருந்து) மட்டுமே இவற்றுக்கு விலக்கு.

இடம் வேறு விஷயம். தமிழ்நாட்டில் அதை முடிவு செய்வது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்)தான். குடியிருப்புப் பகுதியில் சில குடிசைத் தொழில்களுக்கு இடமுண்டு, நிபந்தனைகளோடு.

சத்தத்துக்கும் விலக்கில்லை. பேப்பர் கட்டும் இயந்திரம் என்ன, மௌனமாகவா ஓடுகிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதியில் 75, 70. வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் யாரும் புகார் தரலாம். பட்டறையின் நிறம் அங்கே கேட்கப்படுவதில்லை.