ஓடுகிற போர்வெல்லில் எடுக்கும் நீர்மட்ட அளவு எதைக் காட்டும்?
பயன்பாட்டில் இருக்கும் போர்வெல்லிலேயே நீர்மட்டத்தை அளந்துகொள்ளலாம், தண்ணீர் எடுக்காமல் மட்டத்தை அளக்க மட்டுமே போடும் கண்காணிப்புக் கிணறு தனியாக எதற்கு என்று நிலத்தடி நீர் பற்றிய ஒரு கட்டுரையில் கேட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழிந்துவிடும். நிறுத்திய உடனே அது பழைய நிலைக்கு வராது. கடினப் பாறையில் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் அளந்தால் கிடைப்பது மோட்டார் இழுத்த இழுப்பின் கணக்குதான். சரி, தனிக் குழாய் போட்டுவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. நாங்கள் ஒரு குழாயில் இரண்டு வருடம் அளந்தோம். நாடாவில் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால் ஈரக்கோடு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். மட்டம் குறையவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம். அப்புறம் சந்தேகம் வந்து ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினோம். மறுநாள் காலை வரை அது இறங்கவே இல்லை! அடியில் வடிகட்டிக் குழாயின் துளைகளை வண்டல் அடைத்திருந்தது. அத்தனை நாளும் அளந்தது தேங்கிக் கிடந்த தண்ணீரை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் தானியங்கி சென்சார் போட்டால் தீர்ந்தது என்கிறார். சென்சார் உணர்வது அழுத்தத்தை. வெளிக்காற்றோடு இணைக்கும் மெல்லிய காற்றுக்குழாய் இல்லாத வகை என்றால் தண்ணீரின் அழுத்தத்தோடு காற்றழுத்தமும் சேர்ந்து பதிவாகும், அதைக் கழித்தாக வேண்டும். 1 மில்லிபார் மாறினாலே சுமார் 1 செ.மீ. பிசகும். அடைத்த குழாயில் அதுவும் அதே தேங்கிய தண்ணீரைத்தான் அளக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த வாளிச் சோதனையைச் செய்யுங்கள்.