சீரியலுக்குத் திரும்பினால் தோல்வியா?

"திருமுருகன் நல்ல டைரக்டர்தான், ஆனா சினிமாவில் நிக்க முடியாம சீரியலுக்கே திரும்பிட்டார்" என்று நேற்று குடியாத்தம் டீக்கடையில் ஒருத்தர் சொல்ல, கொஞ்சம் சத்தமாகவே சண்டை போட்டுவிட்டேன்.

எங்க அம்மா பீடி சுற்றுபவர். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், ஒரு நாளைக்கு 1000 பீடி முடித்தால்தான் கணக்கு சரியாகும். 2002-ல் மெட்டி ஒலி சீரியல் ஆரம்பித்தபோது எங்க தெருவே அதை அப்படித்தான் பார்த்தது. பார்த்தது என்ன, கேட்டது! கண் விரலில், காது டிவியில். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த சிதம்பரம் படும் பாட்டை டெல்லி குமாரின் குரலை வைத்தே அம்மா தெரிந்துகொண்டார். வசனம் நொண்டியிருந்தால் எங்க தெருவில் அந்த சீரியல் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அதை இயக்கிக்கொண்டே கோபியாக நடித்தவர் திருமுருகன்.

அப்புறம் 2006-ல் அவர் இயக்கிய எம் மகன் படம். மளிகைக் கடை அப்பாவாக நாசர் வருவாரே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்த வீட்டின் பயம் புரியும். 2008-ல் வந்த முனியாண்டி விலங்கியல் மூன்றாமாண்டு படம் எனக்கு ஒட்டவில்லை, சரி விடுங்கள். 2010-ல் நாதஸ்வரம் சீரியலோடு திரும்பினார், மறுபடியும் கோபியாக. 2014-ல் அதன் 1000-ஆவது எபிசோடை 23 நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில், அதுவும் நேரலையில் எடுத்து கின்னஸில் ஏற்றினார். அன்றைக்குத்தான் அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "இன்னாடா இது, ஆளுங்க வந்துகினே கீறாங்க, படம் மாறவே மாட்டேங்குது?" தோற்றுப்போய் வந்தவர் செய்கிற வேலையா இது?

எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். அவருடைய கல்யாண வீடு சீரியலில் கூட்டுப் பாலியல் வன்முறையைக் காட்டிய விதத்துக்காக 2019-ல் சேனலுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது, விழ வேண்டியதுதான். காதால் கேட்கிற ஜனத்துக்கு இத்தனை வருஷம் கதை சொன்னவருக்கு, எதைக் கேட்கவே முடியாது என்று தெரிந்திருக்க வேண்டாமா? அம்மா "நிறுத்துடா அத்த" என்றதோடு அந்த சீரியல் எங்க வீட்டில் முடிந்தது.

2020 ஊரடங்கில் மெட்டி ஒலியை மறுபடி போட்டார்கள். இலை வரவில்லை, தூள் வரவில்லை, அம்மாவின் கை சும்மா இருந்தது. ரெண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணுங்க மூஞ்சியெல்லாம் இப்பத்தான்டா பாக்கறேன்."