வாசற்கதவில் ஒரு கொக்கி

சென்ற சனிக்கிழமை, மும்பை செம்பூரில் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை அவளுடைய டைரியை என் முன்னால் விரித்து வைத்தார். ஜூன் நடுவில் பள்ளி திறந்ததிலிருந்து 14 சிவப்புக் குறிப்புகள்: கணக்கு நோட்டு கொண்டுவரவில்லை, வீட்டுப்பாடம் பாதியில் நிற்கிறது, அடையாள அட்டை இல்லை, மறுபடியும் கணக்கு நோட்டு இல்லை. நான் படித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தவர், "அவளுக்கு எல்லாம் தெரியும் மேடம், வாய்விட்டுக் கேட்டால் உடனே பதில் சொல்கிறாள், ஆனால் எதையும் செய்வதில்லை" என்றார். குற்றம் சாட்டும் குரலில்தான் சொன்னார். ஆனாலும் மருத்துவர்கள் ஏடிஎச்டி என்று அழைக்கும் இந்த நிலையை இத்தனை சுருக்கமாக, இத்தனை சரியாக அதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்றெல்லாம் தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரே நம்மைப் பாதி வழி தவற வைத்துவிடுகிறது. என் மகளுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. பால்கனிக் கம்பியில் புறா கூடு கட்டியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டைக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவனத்தை வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்திற்குத் திருப்புவதும், சலிப்பூட்டும் வேலையில் கடைசிவரை நிறுத்தி வைப்பதும்தான் அவளால் முடிவதில்லை. இத்துறையில் பல பத்தாண்டுகள் உழைத்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி மீண்டும் மீண்டும் வலியுறுத்துவது இதைத்தான்: இக்குழந்தைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும், தெரிந்ததைச் செய்யவேண்டிய கணத்தில் செய்ய இயலாமல் போவதே சிக்கல். அப்படியென்றால், குழந்தையை எதிரில் நிறுத்தி நாம் வழங்கும் புத்திமதிகள் அனைத்தும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லுகின்றன. உதவி என்று ஒன்று உண்டானால், அது அந்தக் கணத்திலும் அந்த இடத்திலும் இருக்கவேண்டும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அவளுக்கு எட்டு வயதானபோது ஒரு மாநகராட்சி மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் இது உறுதி செய்யப்பட்டது. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எதுவும் எடுக்கவில்லை, அவற்றால் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. எங்களிடம் நீண்ட நேரம் பேசினார்கள், அவளிடம் தனியாகப் பேசினார்கள், வீட்டுக்கு ஒன்றும் பள்ளிக்கு ஒன்றுமாக வினாத்தாள்கள் கொடுத்தார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டின்படி, கவனக்குறைவுக்குரிய ஒன்பது அறிகுறிகளில் ஆறோ அதற்கு மேலோ குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்கவேண்டும்; அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்; வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு சூழல்களில் காணப்படவும் வேண்டும். அதனால்தான் பள்ளியின் வினாத்தாள் இல்லாமல் அவர்களால் முடிவுக்கு வர இயலவில்லை. அப்போது அவள் படித்த பள்ளி அதை நிரப்பித் தர மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. வந்த தாளில் "அமைதியான பெண், தொந்தரவு இல்லை" என்று மட்டும் கூடுதலாக எழுதியிருந்தார்கள். பெண் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். மேசைமேல் ஏறிக் குதிக்கும் பையனை எல்லாரும் கவனிக்கிறார்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்கும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை.

என் பார்வையை முற்றிலும் மாற்றியது 2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஏடிஎச்டி உள்ள 223 குழந்தைகள், இல்லாத 223 குழந்தைகள் ஆகியோரின் மூளைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூளையின் மேலடுக்கான புறணியில் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளிடம் ஏறத்தாழ ஏழரையாகவும் இவர்களிடம் பத்தரையாகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, காலம்தான் பிந்துகிறது. தன்னை அடக்குவதற்கும் திட்டமிடுவதற்கும் உதவும் முன்பகுதியில் அந்தப் பிந்தல் மிகவும் துலக்கமாகத் தெரிந்தது. எல்லாக் குழந்தைக்கும் மூன்று ஆண்டு என்று கணக்குப் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முதல், பத்து வயது மகளின் அறிவிடம் பத்து வயதையும், பையை அடுக்குவது, நேரம் பார்ப்பது, கோபத்தை விழுங்குவது போன்றவற்றில் ஏழு வயதையும் எதிர்பார்க்கத் தொடங்கினேன். வீட்டில் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஏழு வயதுக் குழந்தை தன் பையைத் தானே அடுக்கவில்லை என்று யார் அடிப்பார்கள்?

காலை 6.40-க்குப் பள்ளி வேன் வந்துவிடும். எங்கள் வீடு ஒரு படுக்கையறை கொண்டது. குளியலறையிலிருந்து வாசல்வரை பதினைந்து அடி இருந்தால் அதிகம், அந்தப் பதினைந்து அடிக்குள் அவள் மூன்று முறை வழிதவறிவிடுவாள். "ஷூ போடு, டப்பாவை எடு, ஐடி கார்டை மாட்டு" என்று நான் சமையலறையிலிருந்து அடுக்கிய மூன்றில் முதலாவது மட்டும் காதில் விழும், அதுவும் ஒரு காலுக்குத்தான். இரண்டு ஆண்டு கத்திய பிறகு ஒரு நாள் தச்சரை அழைத்து, வாசற்கதவின் உட்புறம், அவள் தோள் உயரத்தில் ஒரு பெரிய கொக்கி அடிக்கச் சொன்னேன். இரவே பையும் அடையாள அட்டையும் அதில் தொங்கவேண்டும். அவற்றைத் தொடாமல் கதவைத் திறக்க முடியாது. பக்கத்தில் ஒரு தாளில் ஐந்து படங்கள், அவளே வரைந்தவை: பல், உடை, இட்லி, டப்பா, ஷூ. நான் இப்போது "அடுத்த படம் எது?" என்று மட்டும் கேட்கிறேன். நினைவில் வைத்துக்கொள் என்று சொல்வதைவிட, நினைவை எடுத்துக் கதவில் மாட்டிவிடுவது எளிது.

நேரமும் அப்படித்தான். "இன்னும் பத்து நிமிடம்" என்பது அவளுக்கு ஒரு சொல், அவ்வளவே. பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அவளுக்கு உள்ளிருந்து தெரிவதில்லை. மணல் கீழே விழுவதைக் கண்ணால் பார்க்கும் கடிகாரம் ஒன்று வாங்கினோம். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கினோம். இடையில் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வரலாம். வாய்ப்பாட்டை வெளி வராந்தாவில் நடந்தபடியே ஒப்பிக்கிறாள்; உட்கார்ந்து சொன்னால் ஏழாம் வாய்ப்பாட்டில் பாதிவரைதான் வரும், நடந்தால் முழுவதும் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி நான் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அத்தை, அதாவது மாமியார், என் மகளுக்கு ஆச்சி, இந்த நோய்ப்பெயரை இன்றுவரை ஏற்றுக்கொண்டதில்லை. "நாலு போடு போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்பதே அவருடைய மருத்துவம். கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த ஊரிலிருந்து வந்தவர், வேறு எப்படிச் சொல்வார்? ஆனால் மாலை ஆறு மணிக்கு முருங்கைக்கீரையோ சின்ன வெங்காயமோ எடுத்துக்கொண்டு பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பாடம் சொல்லித் தரமாட்டார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் பார்வை ஜன்னலுக்குப் போனால் மட்டும், கீரையிலிருந்து தலை நிமிராமலே "ஏட்டி" என்பார். அவ்வளவுதான், அவள் திரும்பிவிடுவாள். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டு அமைதியாக இருந்தாலே இப்படிப்பட்டவர்களுக்கு வேலை ஓடும் என்று பின்னால் நான் படித்தேன். ஆச்சிக்கு அதைப் படிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

பலிக்காதவற்றையும் சொல்லவேண்டும். வண்ண ஒட்டுத்தாள்கள் ஒரு வாரம் தாங்கின. அபாகஸ் வகுப்புக்குக் கட்டிய பணம் போனது. நினைவாற்றலுக்கு என்று ஓர் உறவினர் கொடுத்த டானிக் இன்னமும் பாதி பாட்டிலாக நிற்கிறது. ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் சைக்கிள் என்று என் கணவர் சொன்னது, சொன்ன அன்றே செத்துவிட்டது. ஏப்ரலில் வரும் சைக்கிளால் ஆகஸ்டில் ஒரு கணக்கைக்கூடப் போட வைக்க முடியாது. அன்றாடம் மாலையே கிடைக்கும் சிறு பரிசு வேலை செய்கிறது, அதுவும் மூன்று வாரத்தில் சலித்துவிடுவதால் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இதில் என் கணவரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரே மழைக்காலத்தில் ஹார்பர் லைன் ரயிலில் மூன்று குடைகளைத் தொலைத்தவர் அவர். இந்நிலை பெரிதும் மரபுவழி வருவது என்று மருத்துவர் சொன்னபோது நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்; அவர் தரையைப் பார்த்தார்.

மருந்து பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். ஓராண்டாக அவள் மெத்தில்ஃபெனிடேட் எடுத்துக்கொள்கிறாள். 1944-இல் உருவாக்கப்பட்ட பழைய மருந்து அது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது, சீட்டு இருந்தாலும் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. "பிள்ளைக்குப் போதை மருந்தா?" என்று அத்தை அழுததில் வியப்பில்லை. பசி குறையும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அப்படியே மதிய டப்பா தொடப்படாமல் திரும்பி வந்தது. எனவே காலையில் மாத்திரைக்கு முன்பே நான்கு இட்லி, இரவில் நிறைவான சாப்பாடு என்று மாற்றிக்கொண்டோம். உயரமும் எடையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படுகின்றன. மாத்திரை தானாகப் பையை அடுக்குவதில்லை, கொக்கியைப் பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு நொடி வாங்கித் தருகிறது. 579 குழந்தைகளிடம் நடந்து 1999-இல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட அறிகுறிகளை நன்கு குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது பெற்றோர் பிள்ளை உறவு போன்ற வேறு சில நன்மைகளும் கிடைத்தன. எல்லாக் குழந்தைக்கும் மருந்து வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியே முதலில் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் அதை வெட்கத்துக்குரிய இரகசியமாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனிப் பள்ளி. எனக்குள்ள உண்மையான மனக்குறை இங்கேதான். வீட்டுப்பாடம் முடிக்காத நாட்களில் அவளை பி.டி. பீரியடுக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே உட்காரவைத்து எழுதச் சொல்கிறார்கள். ஓடி விளையாடிய பின் சற்று நேரம் இக்குழந்தைகளின் கவனம் மேம்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதை விட்டாலும், ஆறு மணி நேரம் அசையாமல் இருக்க முயன்று களைத்துப்போன உடம்புக்குக் கிடைக்கும் ஒரே நாற்பது நிமிடத்தைப் பறித்தால் அடுத்த பீரியட் எப்படி ஓடும்? இது காய்ச்சல்காரனிடமிருந்து போர்வையைப் பிடுங்குவது போன்ற தண்டனை. நான் பள்ளியிடம் கேட்பவை காசு செலவில்லாதவை: ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி முன்வரிசையில் இடம், மணி அடிக்கும் முன் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டாளா என்று டைரியில் ஒரு பார்வை, நீண்ட கட்டளைகளை இரண்டாகப் பிரித்துச் சொல்லுதல், கால் துடிக்கும்போது வருகைப் பதிவேட்டைக் கொடுத்து அலுவலகம்வரை அனுப்பிவைத்தல். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியை படும் பாடு எனக்குப் புரிகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த எண்ணிக்கை இருந்திருந்தால் பாதி பேச்சுக்கு வேலையே இருந்திருக்காது.

தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு, ஏடிஎச்டியின் பெயர் இல்லை. மகாராஷ்டிரத்தில் கற்றல் குறைபாட்டுக்கு 1996 முதலே சலுகைகள் உண்டு, சயான், கே.இ.எம்., நாயர் மருத்துவமனைகளில் அதற்கான சான்றிதழ் வாங்கப் பெற்றோர் காத்திருக்கிறார்கள். ஏடிஎச்டியோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கதவு திறக்கிறது. என் மகளைப் போல் நன்றாக வாசிக்கத் தெரிந்து, வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்கும் குழந்தைக்குத் திறப்பதில்லை.

எங்களுக்காவது மணல் கடிகாரம் வாங்கப் பணமும் பக்கத்தில் உட்கார ஓர் ஆச்சியும் உண்டு. என் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அக்கா தாராவியில் ஒரே அறையில் ஐந்து பேரோடு வாழ்கிறார். அவருடைய மகனைப் பள்ளியில் "மஸ்திக்காரன்", அதாவது குறும்புக்காரன், என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளி கூப்பிட்டனுப்பும் நாளில் அவருக்கு அரை நாள் கூலி போகிறது, அந்தக் கோபமும் பையன்மேலேயே இறங்குகிறது. சயான் மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே குழந்தையின் "குறும்பை"க் காட்டவும் ஒரு பிரிவு உண்டு என்பதை இத்தனை ஆண்டில் அவருக்கு எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. நான் சொன்னபோது முதலில் அவர் கேட்டது, "அங்கே போனால் பைத்தியம் என்று எழுதிவிடமாட்டார்களே?" என்பதைத்தான். அடுத்த புதன்கிழமை இருவரும் சேர்ந்து போகிறோம்.

அதற்கு முன் திங்கள்கிழமை மகளின் பள்ளிக்குப் போகவேண்டும். பி.டி. பீரியடைத் திருப்பித் தரும்படி தலைமையாசிரியைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன் என்பதால், இந்த முறை அதை ஓர் உறையில் போட்டு, அவள் பைக்குப் பக்கத்தில் கொக்கியிலேயே மாட்டியிருக்கிறேன்.