கிளினிக் வைத்திருந்தால் வேட்புமனு தள்ளுபடி ஆகாது
"டாக்டர் கிளினிக் நடத்துகிறார், ஓட்டும் ஒரத்தநாட்டில்; சட்டமன்றத் தேர்தலில் நன்னிலம் தொகுதியில் நின்றால் வேட்புமனு தள்ளுபடிதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இரண்டுமே தப்பு.

தேர்தலில் நிற்கத் தடையாகும் ஆதாயப் பதவி என்று அரசமைப்பின் 191ஆவது பிரிவு சொல்வது அரசாங்கத்தின் கீழ் வகிக்கும் பதவியை. சாயங்காலம் சொந்தக் கிளினிக்கில் பிரஷர் பார்த்து, ஊசி போட்டு, ஃபீஸ் வாங்குவது அதில் எங்கே வருகிறது? ஆரம்ப சுகாதார நிலையத்து அரசு டாக்டர் என்றால் கதையே வேறு. லீவு போட்டு நிற்க முடியாது. ராஜினாமா ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஓட்டு. சட்டமன்றத்துக்குத் தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் பெயர் இருந்தாலும் சரி. வேறு தொகுதிக்காரர் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு, இல்லாவிட்டால் மனு பரிசீலனையின்போது, காட்ட வேண்டும். அதை மறந்தால்தான் சிக்கல். டாக்டர் ஜெயிப்பாரா என்பது தனிப் பேச்சு.