இன்னொரு ரிப்போர்ட் வேணுமாம்!

கேக்கிறது என்.டி.ஐ.எஸ்.காரர், அதுதான் அவுஸ்திரேலிய அரசின்ர மாற்றுத்திறனாளி உதவித் திட்டத்துக்காரர். போன ஓ.ரி. ரிப்போர்ட், அதாவது நாளாந்த வேலையில தம்பிக்கு என்ன ஏலும் எண்டு தெரப்பிஸ்ட் பாத்து எழுதினது, பன்னிரண்டு மாசத்துக்கு மேல பழசாகிட்டுதாம். புதுசு ஒண்டு எடுத்து அனுப்பட்டாம். அதுக்குப் பிறகுதான் தம்பியின்ர சில் விண்ணப்பத்தை, அதுதான் வேற வீட்டில ஆள் நிண்டு அவனைப் பாக்கிற உதவிக்குப் போட்டதை, பாப்பினமாம். இண்டைக்குக் காலமை வந்த மின்னஞ்சல். வாசிச்ச நேரம் தொட்டு எனக்குக் கை நடுங்குது.

என்ன பழசாகினது? தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். 21ஆவது குரோமோசோம் ரெண்டு இருக்கவேண்டிய இடத்தில மூண்டு. பிறக்கேக்க மூண்டு, 39 வயசிலயும் மூண்டு. அது மாறாது எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ரிப்போர்ட்டை நாங்கள் குடுக்கேக்க அது புதுசுதான். மாசக்கணக்காத் திறந்து பாக்காமல் வச்சிருந்து பழசாக்கினது உவைதான்!

இப்ப திரும்பவும் ஓ.ரி. தேடி அலைய வேணும். மேற்கு சிட்னியில ஆரைக் கேட்டாலும் வெயிட்டிங் லிஸ்ட். மணித்தியாலத்துக்கு 193.99 டொலர், அதுவும் தம்பியின்ர என்.டி.ஐ.எஸ். பிளான் காசில இருந்துதான் போகும். வீட்டுக்கு வாறது, கேள்வி கேக்கிறது, எழுதுறது எல்லாம் சேர்த்துப் பத்து மணித்தியாலம் எண்டு வச்சாலும் கிட்டத்தட்ட 1,940 டொலர். அவன்ர பேச்சுப் பயிற்சிக்கு எண்டு பொத்திப் பொத்தி வச்சிருந்த காசு அது.

சரி, காசு போகட்டும். போனமுறை அந்த ரிப்போர்ட்டில என்ன எழுதியிருந்தது எண்டு நினைக்கத்தான் வயிறு எரியுது.

அந்த ஓ.ரி. காலமை பத்து மணிக்கு வந்தவா. குசினிக்குள்ள தம்பியைக் கூப்பிட்டு, தேத்தண்ணி போடத் தெரியுமோ எண்டு கேட்டவா. அவன் வாயெல்லாம் சிரிப்பா "யெஸ்" எண்டான். அவன் எல்லாத்துக்கும் "யெஸ்"தான் சொல்லுவான். வீட்டுக்கு வந்த ஆக்களைச் சந்தோசப்படுத்த வேணும், அதுதான் அவன்ர குணம். கேத்திலில அளவாத் தண்ணி விட்டு வச்சது அம்மா. கோப்பையை எடுத்து வச்சது அம்மா. தேயிலைப் பையைப் பிரிச்சு உள்ள போட்டது அம்மா. சீனிப் போத்தல் மூடியைத் தளர்த்தி வச்சதும் அம்மா. அவன் சுவிச்சை அமத்தினான், தண்ணி கொதிச்ச உடனே தூக்கி ஊத்தினான். கோப்பை விளிம்புக்கு வரேக்க அம்மா பக்கத்தில நிண்டு "காணும் ராசா, காணும், காணும்" எண்டா. நிப்பாட்டினான். அம்மா என்ன சொன்னவா எண்டு ஓ.ரி. என்னைக் கேட்டா. நிப்பாட்டச் சொன்னவா, சொல்லாட்டி ஊத்திக்கொண்டே நிப்பான், போன வருசம் கை வெந்தது எண்டு ஒழுங்கா இங்கிலீசில விளங்கப்படுத்தினன். தலையை ஆட்டி ஆட்டி எழுதினா.

ரிப்போர்ட் வந்தது. சூடான பானம் தானே தயாரிப்பாராம், குடும்பத்தாரின்ர சிறு ஊக்குவிப்போட.

ஊக்குவிப்பு! சுடுதண்ணியில பிள்ளை வேகாமல் ஒரு தாய் மறிச்சது ஊக்குவிப்பு!

குளிப்புக் கதையும் இதேதான். முதல்ல அம்மா பைப்பைத் திறந்து சூடு பாத்து விடுவா. பிறகு கதவடியில நிண்டு "சோப்பை எடு ராசா... கழுத்து... கமக்கட்டு... இப்ப தண்ணி ஊத்து... தலையைக் கழுவு" எண்டு கடைசி வரைக்கும் சொல்லுவா. அவ வாயை மூடினா அவன் அந்த இடத்திலயே நிப்பான். ரிப்போர்ட்டில: வாய்மொழி நினைவூட்டலோட தானே குளிப்பார்.

அதுக்கு மேல அந்த 36 கேள்விப் படிவம், வோடாஸ். கடந்த 30 நாளில உங்களுக்கு எவ்வளவு கஸ்டம் இருந்தது எண்டு ஒவ்வொண்டாக் கேப்பினம். அதில ஒரு கேள்வி, சில நாள் தனிய இருக்கிறதில எவ்வளவு கஸ்டம் எண்டு. அம்மா பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசி. "நான் அவனை ஒரு நாளும் தனிய விட்டதில்லையே பிள்ளை, பிறகெப்படிக் கஸ்டம் வரும்?" எண்டா. கஸ்டம் இல்லை எண்டு விழுந்திட்டுது புள்ளடி! தனிய இருக்கவே ஏலாது எண்டு விழவேண்டிய இடம் அது. வாழ்க்கையில ஒரு மணித்தியாலம் தனிய இருக்காத பிள்ளை அவன்!

இரவைப் பற்றிப் பெரிசா ஒரு கேள்வியும் இல்லை. பகல் பத்து மணிக்கு வந்து பன்ரெண்டு மணிக்குப் போற ஆளுக்கு இரவு எங்க தெரியும்? ரெண்டு மணிக்கு எழும்பி முன்கதவைத் திறப்பான். அதுக்காக அம்மா இண்டைக்கும் கதவடியில மெத்தை போட்டுப் படுக்கிறா. இரவில முழிச்சிருக்கிற ஆள் வேணுமோ, அங்கயே நித்திரை கொள்ளுற ஆள் காணுமோ எண்டதிலதான் சில்லில பெரிய காசு நிக்குது. நித்திரை கொள்ளுற ஆள் எண்டா இரவு முழுக்க ரெண்டு மணித்தியால வேலைதான் கணக்கு. அந்த ரெண்டு மணித்தியாலம் முடிஞ்ச பிறகு அவன் கதவைத் திறந்தா ஆர் பாக்கிறது?

அம்மாவுக்கு 76 வயசு. முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. அவ இல்லாத ஒரு வீட்டில இவன் பாதுகாப்பா இருக்க வேணும் எண்டுதானே சில் கேக்கிறம்! அப்ப அம்மாவை வெளியில எடுத்துப்போட்டு, மிச்சத்தில இவனுக்கு என்ன ஏலும் எண்டுதானே அளக்க வேணும்? உவை அம்மாவின்ர கையையும் குரலையும் நித்திரை முழிப்பையும் கூட்டி, அதைத் தம்பியின்ர திறமை எண்டு எழுதி வச்சிருக்கினம். 39 வருசமா ஒரு மனுசி உடைஞ்சு உடைஞ்சு செய்த வேலை எங்களுக்கு எதிரான சாட்சியாகிட்டுது. பாக்காமல் விட்ட தாயின்ர பிள்ளைக்கு இதைவிடக் கூட மணித்தியால உதவி கிடைச்சிருக்கும் எண்டு நினைக்கேக்க நெஞ்சு அடைக்குது.

2021இல ஒருக்கா, முன்பின் தெரியாத ஆளை அனுப்பிச் சில மணித்தியாலத்தில அளக்கப் போறம் எண்டவை. சனம் கொதிச்சு எழும்ப, மாநில அமைச்சர்மாரும் மறுக்க, ஜூலையில கைவிட்டவை. பிறகு 2025 செப்டம்பரில ஐ-கான் எண்டு புதுசா ஒண்டு அறிவிச்சிருக்கினம், இருந்து கதைச்சே எடுக்கிற மதிப்பீடாம். கதைச்சா "யெஸ்" எண்டுதான் சொல்லப்போறான் என்ர தம்பி! பக்கத்தில நிக்கிற தாயைப் பாக்கத் தெரியாட்டி எந்தப் படிவம் வந்து என்ன?

முடிவு பிழையெண்டா மூண்டு மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், அதுவும் சரிவராட்டி ட்ரிபியூனலுக்குப் போகலாம். போவம். விடமாட்டன்.

இந்தக் கொதியோட அம்மாவையும் தம்பியையும் ஏத்திக்கொண்டு மரக்கறி வாங்கப் போனா, மாற்றுத்திறனாளிகளுக்கு விட்ட பார்க்கிங்கில ஒருத்தர் பெரிய வண்டியை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கிருந்து ஃபோன் நோண்டுறார். கண்ணாடியில பெர்மிட் இல்லை. தட்டிக் கேட்டா, ரெண்டு நிமிசம்தானாம். எடுங்கோ வண்டியை! ரெண்டு நிமிசம் அம்மாவின்ர முழங்காலோட நிண்டு பாருங்கோ!