வாங்கின விலையை மறந்துவிட்டு சர்வீஸ் செய்யுங்கள்

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "யானையைக் கட்டித் தீனி போடுற வேலை வேண்டாம்." வாங்கிவிட்டேன். பதினான்கு வயது வண்டி, ஆறு சிலிண்டர். இரண்டு வருடமாக தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் விற்பனைக்கு வருகிற பல யானைகள் ஏற்கெனவே பட்டினி கிடந்தவை. அதை யாரும் சொல்லவில்லை.

வயதாக ஆக வண்டியின் விலை இறங்கும், பாகங்களின் விலை இறங்காது. புதிதாக வந்தபோது, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு என்ன தரம் தேவைப்பட்டதோ அதுதான் இன்றும் தேவை. முதல் உரிமையாளர் வாரன்டி இருக்கும்வரை ஒழுங்காகப் பார்த்திருப்பார். குறைந்த விலைக்கு வாங்கிய அடுத்தவர் சின்ன காருக்குச் செய்கிற செலவை மட்டும் செய்துவிட்டு, மற்றதை 'ஓடுதே' என்று தள்ளிப்போட்டிருப்பார். அந்த பாக்கியெல்லாம் நம் தலையில் விடியும். அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். முதல் சர்வீஸுக்கு ஒரு நல்ல தொகையை ஒதுக்கிவிட்டு, மீதியில் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

நான் முதல் மாதமே இன்ஜின் ஆயில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாவற்றையும் மாற்றினேன். கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் விட்டுவிட்டேன். காரணம், கையேட்டில் 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை' என்று இருந்தது. யாருடைய ஆயுள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஒரு உதறல். ஓர் இடத்தில் காட்டினேன், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். என் வண்டியில் இருப்பது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம் தயாரித்த கியர்பாக்ஸ். 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்வது அதைச் செய்த அந்த நிறுவனமேதான். என் வண்டி இரண்டு கணக்கையும் தாண்டியிருந்தது. வேறொரு மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றினார். ஆயில் மை போலக் கறுப்பாக வடிந்தது. தட்டுக்குள் இருந்த காந்தங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருந்தது. "விரலில் தேய்ச்சுப் பாருங்க சார், அத்தனையும் இரும்புத் தூள்" என்றார். புது ஆயில் ஊற்றியதும் உதறல் முக்கால்வாசி போய்விட்டது. இந்த வேலையை, ஆயிலின் சூட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவி இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில்தான் அளவு பார்க்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் இருந்ததும் கெடும்.

அடுத்து கவனிக்க வேண்டியது கூலன்ட் போகிற வழி. அதில் பல பாகங்கள் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி உயிரற்றுப் போயிருக்கும். என் வண்டியில் ஹோஸைக் கழற்றும்போதே அதன் கழுத்து காய்ந்த சருகு போல கையில் நொறுங்கியது. வெளியில் ஒரு சொட்டுக் கசிவுகூடத் தெரியவில்லை. அது ஓட்டத்தில் உடைந்திருந்தால் இன்ஜின் கொதித்து, அதன் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பதை நம்பி இதையெல்லாம் விடாதீர்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் நின்ற இடத்திலேயே மூப்படையும்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் துளைகளையும் பாருங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும், பல வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன.

கார் கம்பெனி பெட்டியில்தான் பாகம் வாங்க வேண்டும் என்றில்லை. போஷ், சாக்ஸ், மாலே போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் பல பாகங்கள் அவர்கள் பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெயர் தெரியாத மலிவுச் சரக்கை மட்டும், அதுவும் சஸ்பென்ஷனில், தொடவே தொடாதீர்கள்.

எனக்கு அடுத்த மாதம் முன்பக்க கன்ட்ரோல் ஆர்ம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர், மாற்றுகிற வேலை. ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. இன்னும் சத்தம் வரவில்லை. புஷ் வாங்கி வைத்தாயிற்று.